வாசல் கேட்டைத் துரு தின்னலாமா?

புதிய வீடு. புதிய கேட். பச்சைப் பெயிண்ட் பளபளக்கிறது. வீட்டுக்காரர் தெருவில் நின்று பார்க்கிறார். மனம் நிறைகிறது.

ஐப்பசி வருகிறது. அடைமழை கொட்டுகிறது. கார்த்திகையும் போகிறது. மார்கழியில் கோலம் போட வந்த வீட்டு அம்மாள் கேட்டின் அடிப்பக்கத்தைக் கவனிக்கிறார். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. விரலால் அழுத்தினால் உடைகிறது. உள்ளே செங்கல் தூள் போலத் துரு!

"பெயிண்ட் மட்டம்" என்கிறார் வீட்டுக்காரர். "இரும்பு மட்டம்" என்கிறார் பெயிண்டர். "எல்லாம் கலிகாலம்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

மூன்றும் காரணம் அல்ல. பெயிண்டும் நல்ல பெயிண்டாக இருக்கலாம். இரும்பும் நல்ல இரும்பாக இருக்கலாம். கெடுதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அழுக்கும் எண்ணெயும் பழைய துருவும் படிந்த இரும்பின்மேல் பெயிண்ட் அடித்தால், அது இரும்பில் ஒட்டுவதில்லை. அழுக்கில்தான் ஒட்டுகிறது. அழுக்கு உதிரும்போது பெயிண்டும் உதிர்கிறது.

கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிற குடும்பத்தில் என்ன பேச்சு நடக்கிறது? பச்சையா, கறுப்பா, காப்பிக்கொட்டை நிறமா என்று பேச்சு நடக்கிறது. தங்க நிறத்தில் பூ வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. இரும்பை யார் சுத்தம் செய்வது, எப்படிச் செய்வது என்ற பேச்சே வருவதில்லை. இந்த வழக்கம் மாறவேண்டும்.

குழந்தை ஏறி ஆடும் கேட்

இது அழகைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. உயிரைப் பற்றிய விஷயமும் ஆகும்.

கேட் கனமான சாமான். இரட்டைக் கதவு போட்ட பெரிய கேட்டை இரண்டு ஆள் சேர்ந்தாலும் எளிதில் தூக்கமுடியாது. அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது இரண்டு மூன்று கீல்கள். கீல் துருப்பிடித்தால் கேட் சாயும். தூணில் பதித்த இரும்பு துருப்பிடித்தால் கீலே பெயர்ந்து வரும். தள்ளு கேட்டாக இருந்தால், அடியில் உள்ள உருளை துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். பலமாகத் தள்ளினால் தடம் விட்டு இறங்கிவிடும்.

கேட்டில் ஏறி நின்று ஆடுவது குழந்தைகளுக்குப் பிடித்த விளையாட்டு. எத்தனை முறை அதட்டினாலும் ஆடத்தான் செய்வார்கள். கேட் விழுந்து குழந்தைகள் மாண்ட செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. தாங்கமுடியாத செய்திகள்.

ஆகவே, கேட்டுக்குப் பூசும் பூச்சு வீட்டுக்குப் போடும் பூட்டைப் போன்றது. பூட்டை வாங்கும்போது நிறத்தைப் பார்த்து யாராவது வாங்குவார்களா?

துரு எப்படி வருகிறது?

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள பிராணவாயு — இந்த மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. மூன்றில் ஒன்றைத் தடுத்துவிட்டால் துரு இல்லை. உப்பு சேர்ந்தால் துரு வேகமாகப் பரவும்.

துருவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் ஊதும். ஊதி, மேலே உள்ள பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிறகு தானும் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் உள்ளே இருக்கும் புது இரும்பு காற்றிலும் தண்ணீரிலும் படும். அதுவும் துருவாகும். இப்படியே போய்க் கடைசியில் ஓட்டை விழும்.

"டில்லி இரும்புத் தூண் துருப்பிடிக்கவில்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. குதுப்மினார் அருகே நிற்கும் அந்தத் தூணுக்கு வயது சுமார் 1,600 ஆண்டுகள். எடை 6 டன்னுக்கு மேல். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர்.பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது இரும்பின்மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கிக் காக்கிறது என்று அவர் விளக்கினார். டில்லியின் வறண்ட காற்றும் தூணுக்கு உதவி. இன்று பட்டறையில் கிடைக்கும் இரும்பில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதற்குப் பூச்சுதான் துணை.

கேட்டில் எந்த இடம் முதலில் கெடுகிறது? அடிப்பக்கம். காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் அங்கே தெறிக்கிறது. தெரு நாயும் அங்கேதான் காலைத் தூக்குகிறது. மழைத் தண்ணீர் அடிச்சட்டத்தில் தேங்குகிறது. சதுரக் குழாயில் செய்த கேட் என்றால், தண்ணீர் உள்ளே இறங்கி வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது. வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும். உள்ளிருந்து துரு தின்றுகொண்டு வரும்!

இதற்குப் பெயிண்ட் மருந்து அல்ல. கேட் செய்யச் சொல்லும்போதே இரண்டு விஷயங்களைப் பட்டறைக்காரரிடம் சொல்லவேண்டும். அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் போடவேண்டும். தரைக்கும் கேட்டுக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி விடவேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் பலர் செய்யமாட்டார்கள்.

"ஒரே நாள்தாம்மா!"

"மேஸ்திரி, கேட்டுக்கு எத்தனை நாள் வேலை?" என்று வீட்டு அம்மாள் கேட்கிறார்.

"ஒரே நாள்தாம்மா! சாயந்தரத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்கிறார் மேஸ்திரி.

இந்தப் பதிலைக் கேட்டு மகிழக்கூடாது. பயப்படவேண்டும்!

துருப்பிடித்த கேட்டுக்கு ஒரே நாளில் யாரும் சரியாகப் பெயிண்ட் அடிக்கமுடியாது. முதலில் சுரண்டவேண்டும். உப்பி நிற்கும் பழைய பெயிண்டைத் தகட்டால் எடுக்கவேண்டும். வயர் பிரஷால் துருவைத் தேய்க்கவேண்டும். மூலை முடுக்கு, பூ வேலை, கம்பியும் சட்டமும் சேரும் இடம் — இவை கடினமான இடங்கள். ஆகவே இவற்றைத்தான் பெயிண்டர் விட்டுவிடுகிறார். துரு அங்கிருந்துதான் மறுபடியும் புறப்படுகிறது.

பிறகு உப்புத்தாள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்கவேண்டியதில்லை. உப்புத்தாளால் அதன் பளபளப்பை எடுத்தால் போதும். வழவழப்பான பெயிண்டின்மேல் புதுப் பெயிண்ட் பிடிக்காது. சிறிது சொரசொரப்பு இருந்தால் நன்றாகப் பிடிக்கும்.

அதன் பிறகு துடைக்கவேண்டும். கடலோர ஊராக இருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கவேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அந்தத் தண்ணீரால் கழுவக்கூடாது. கழுவினால் பூச்சுக்கு அடியில் உப்பைத் தடவியது போல ஆகிவிடும். கீல் அருகே கிரீஸ், எண்ணெய் இருந்தால் டின்னர் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். நன்றாகக் காயவேண்டும். காய்ந்தவுடனே, அன்றைக்கே முதல் பிரைமரை அடித்துவிடவேண்டும். சுத்தம் செய்த இரும்பை இரவு முழுவதும் திறந்து போட்டால் பனியில் மறுபடியும் துரு கட்டும்.

புது கேட்டுக்கும் சுத்தம் வேண்டும். இது பலருக்குத் தெரியாது. ஆலையிலிருந்து வரும் புது இரும்பின்மேல் கருநீல நிறத்தில் ஒரு தோல் இருக்கும். அது பின்னால் செதில் செதிலாக உரியும். அப்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு போகும். வெல்டிங் வைத்த இடங்களில் கசடு ஒட்டியிருக்கும். அதைச் சுத்தியால் தட்டி எடுத்துத் தேய்த்துவிடவேண்டும். வெல்டிங்கில் சிறு ஓட்டைகள் இருந்தால் அடைக்கச் சொல்லவேண்டும். இந்த வேலையைப் பட்டறையிலேயே முடிப்பது நல்லது.

பட்டறைகளில் நடப்பது என்ன? வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறக்கிறார்கள். டின்னரை ஊற்றித் தண்ணீர் போலக் கரைக்கிறார்கள். கசடின்மேலேயே ஒரு தடவு தடவிவிடுகிறார்கள். கேட் செங்காவி நிறமாகிவிடுகிறது. "பிரைமர் அடிச்சாச்சு சார்" என்கிறார்கள். அந்தக் கேட் கட்டடம் முடியும்வரை ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. ரெட் ஆக்சைடு பிரைமர் மேல்பூச்சு இல்லாமல் மழையைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. அப்படி நின்ற கேட்டில் செங்காவி நிறம் எது, துரு எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். அதன்மேல் எனாமல் அடித்தால் என்ன ஆகும்? முதல் மழையே பதில் சொல்லிவிடும்.

பெயிண்டரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. வீட்டுக்காரர் மொத்தக் கூலியைப் பேரம் பேசிக் குறைக்கிறார். பெயிண்டர் எதைக் குறைப்பார்? பெயிண்டைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சுரண்டுவதைக் குறைத்தால் தெரியாது. ஆகவே அதைக் குறைக்கிறார். சுரண்டும் கூலி தனி, பூசும் கூலி தனி என்று பேசுவது நல்ல வழி. சுரண்டி முடித்ததும் வீட்டுக்காரர் வந்து பார்க்கவேண்டும். பார்த்த பிறகுதான் பிரைமர் டப்பாவைத் திறக்கவேண்டும். இப்படிச் செய்தால் நல்ல வேலைக்காரருக்கும் மரியாதை கிடைக்கும்.

எந்தப் பூச்சு?

மழை, வெயில் மட்டும் உள்ள உள்நாட்டு ஊர்களில் பழைய முறையே போதும். பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை. ஒரு கை அடித்து அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த கை. எவ்வளவு நேரம் காயவேண்டும் என்பது டப்பாவில் அச்சிட்டிருக்கும். கெட்டியாக ஒரே கை அடிப்பது சிக்கனம் அல்ல. மேலே தோல் கட்டும். உள்ளே ஈரமாக இருக்கும். சுருங்கிவிடும். மெல்லிய இரண்டு கைகள், கெட்டியான ஒரு கையைவிட மேல்.

பிரைமரில் வகைகள் உண்டு. செங்காவி நிற ரெட் ஆக்சைடு எங்கும் கிடைக்கும். மஞ்சள் நிறத்தில் வரும் சிங்க் குரோமேட் துருவை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதில் உள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. அதற்குப் பதிலாக சிங்க் பாஸ்பேட் பிரைமர் இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்கலாம்.

எபாக்சி என்ற பூச்சைச் சிலர் சொல்வார்கள். இரண்டு டப்பாக்களாக வரும். குறித்த அளவில் கலந்து, சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்கவேண்டும். கலந்தது மிஞ்சினால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். எபாக்சி இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு அசையாது. ஆனால் சூரியனுக்குத் தோற்றுவிடும்! வெயில் பட்டால் வெளுத்துச் சுண்ணாம்பு போலப் பொடியும். ஆகவே எபாக்சியை அடிப்பூச்சாக வைத்து, பி.யு. என்று கடைக்காரர்கள் சொல்லும் பாலியூரித்தேன் பெயிண்டை மேல்பூச்சாக அடிக்கவேண்டும். செலவு கூடும். உழைப்பும் கூடும்.

பவுடர் கோட்டிங் இப்போது பிரபலம். பெயிண்டைப் பொடியாக மின்சார உதவியால் இரும்பின்மேல் தூவி, சுமார் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் சுடுகிறார்கள். பிரஷ் கோடு இல்லாமல், கண்ணாடி போல வரும். பார்க்க மிக அழகு. ஆனால் கேட் ஒரு நாளைக்கு நூறு முறை திறந்து மூடும் சாமான். சைக்கிள் இடிக்கும். பூட்டு உரசும். கீறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து போகும். அந்த இடத்தை மட்டும் மறுபடியும் சுட முடியாது. பொருத்தும்போது "கொஞ்சம் வெட்டி வெல்டிங் வைக்கணும்" என்று ஆரம்பித்தால் அந்த இடத்தில் பூச்சு கருகிவிடும். குழாயின் உள்பக்கத்துக்கும் பவுடர் போகாது. ஜன்னல் கிரில்லுக்கு இது சரி. தெரு கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் மட்டும் போதும் என்று நம்புவது சரியல்ல. அடியில் துத்தநாகம் இருந்தால் நம்பலாம்.

துத்தநாகப் பூச்சு என்பதுதான் கால்வனைசிங். ஜி.ஐ. என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பிரான்சு நாட்டு எஞ்சினீயர் சோரெல் 1837-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுமார் 450 டிகிரி சூட்டில் துத்தநாகத்தை உருக்கித் தொட்டியில் வைத்திருப்பார்கள். சுத்தம் செய்த இரும்பை அதில் முக்கி எடுப்பார்கள். துத்தநாகம் இரும்போடு கலந்து ஒட்டிக்கொள்ளும். குழாயின் உள்பக்கத்துக்கும் போகும். பூச்சின் கனம் ஒரு தலைமயிரின் கனம்தான் இருக்கும். ஆனால் அது செய்யும் வேலை பெரிது.

எப்படி? பெயிண்டில் கீறல் விழுந்தால் அங்கே இரும்பு அனாதை. துத்தநாகத்தில் கீறல் விழுந்தால், சுற்றியுள்ள துத்தநாகம் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். தம்பிக்கு விழும் அடியை அண்ணன் வாங்கிக்கொள்வது போல! துத்தநாகம் முழுவதும் கரைந்த பிறகுதான் இரும்பின்மேல் துரு கை வைக்கமுடியும். உள்நாட்டு ஊர்களில் அதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும்.

இதிலும் ஏமாறக்கூடாது. ஜி.ஐ. குழாய் வாங்கி, அறுத்து, வெல்டிங் வைத்துக் கேட் செய்கிறார்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து போகிறது. அப்போது வரும் வெள்ளைப் புகை கெடுதல். வேலை செய்பவருக்குக் குளிர் காய்ச்சல் போல வந்துவிடும். எரிந்த இடங்களைத் தேய்த்து, துத்தநாகம் நிறைந்த சிங்க் ரிச் பெயிண்டைப் பூசவேண்டும். பூசாவிட்டால் கேட் முழுவதும் நன்றாக இருக்கும், வெல்டிங் வைத்த இடம் மட்டும் துருப்பிடிக்கும். கேட்டைத் தாங்குவதே அந்த வெல்டிங்தான்!

கேட்டைச் செய்து முடித்த பிறகு முழுதாகத் தொட்டியில் முக்குவது எல்லாவற்றிலும் மேல். ஆனால் குழாயில் காற்றுப் போகத் துளைகள் இருக்கவேண்டும். மூடிய குழாயை உருகிய துத்தநாகத்தில் போட்டால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூடாகி வெடித்துவிடும். ஆகவே முக்குகிறவர்களை முன்னதாகவே கலந்து பேசிக் கேட் செய்யவேண்டும்.

ஜி.ஐ.யின்மேல் சாதாரண எனாமலை நேராக அடிக்கக்கூடாது. எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போல ஆகிவிடும். சில மாதங்களில் பெயிண்ட் தோல் உரிவது போல உரியும். "ஜி.ஐ.க்கு அடிக்கும் பிரைமர்" என்று கேட்டு வாங்கி முதலில் அதை அடிக்கவேண்டும்.

துருவை மாற்றும் திரவம் என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. தேய்த்தும் போகாத துருவை அது கறுப்பான உறுதியான பொருளாக மாற்றும். இப்படிப்பட்ட திரவங்கள் பலவற்றில் இருப்பது டானின் என்ற துவர்ப்புச் சத்து. கடுக்காயில் உள்ள சத்தும் அதுதான். கலம்காரித் துணியில் வரும் அழகிய கறுப்பு நிறம், கடுக்காயும் இரும்பும் சேர்ந்து உண்டாவதே! ஆனால் இந்தத் திரவம் சுரண்டுவதற்குப் பதில் அல்ல. சுரண்டிய பிறகு மிஞ்சும் துருவுக்கு மட்டும் இது உதவும்.

கடலோர வீடுகளுக்கு

கடற்கரை ஊர்களின் கதை வேறு. கடல் காற்றில் உப்பு பறந்து வருகிறது. அலை அடிக்கும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டர் தூரத்தில்தான் அதன் கொடுமை அதிகம். உள்ளே போகப் போகக் குறையும்.

துருவோடு போராடுவதற்கென்றே தமிழ்நாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்த நிலையம் மண்டபத்திலும் ஒரு கிளை வைத்தது. உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் விட்டு, எது எவ்வளவு அரிபடுகிறது என்று அங்கே அளந்து பார்த்தார்கள்.

மண்டபத்தை அடுத்துத்தான் பாம்பன் பாலம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துரு சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஓயாத வேலைகள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறந்தது. புதிய பாலத்துக்குச் சாதாரணப் பெயிண்டை அடிக்கவில்லை. பாலிசிலாக்சேன் என்ற தனிவகைப் பூச்சைப் பூசினார்கள். காங்கிரீட்டின் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டார்கள். ரயில்வேக்கே அந்தக் காற்றில் அவ்வளவு எச்சரிக்கை வேண்டியிருக்கிறது.

ராமேசுவரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் வீடு கட்டுகிறவர்கள் ரெட் ஆக்சைடும் எனாமலும் போதும் என்று இருக்கக்கூடாது. அங்கே துத்தநாகத்தில் முக்கிய கேட்டும் அதன்மேல் தகுந்த பெயிண்டும்தான் பாதுகாப்பு. முதலில் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் வருஷந்தோறும் சுரண்டிப் பூசும் கூலியைக் கணக்குப் போட்டால் நஷ்டம் இல்லை. வசதி இல்லாதவர்கள் கீல், தாழ்ப்பாள், அடிச்சட்டம் இவற்றையாவது துத்தநாகப் பூச்சு உள்ளதாகப் போடலாம்.

எஸ்.எஸ். கேட் போட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. எஸ்.எஸ்.ஸில் 202, 304, 316 என்று ரகங்கள் இருக்கின்றன. விலை மலிவான 202 கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். கடலோரத்துக்கு ஏற்றது 316. ரகம் பார்க்காமல் "எஸ்.எஸ்." என்று மட்டும் சொல்லி வாங்கினால் பணம்தான் போகும்.

தீபாவளிக்கு வேண்டாம்

தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளை அடிப்பதும் கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதும் பலருடைய வழக்கம். ஆசை நியாயமானதே. ஆனால் கேட்டுக்கு அதைவிடக் கெட்ட நேரம் வேறு இல்லை! வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பிடிக்கிறது. காற்றே ஈரமாக இருக்கிறது. இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்தது போல ஆகிவிடும்.

பொங்கலுக்கு அடிப்பவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். மழை ஓய்ந்திருக்கும். ஆனால் மார்கழிக் காலையில் பனி சொட்டும். பனி முழுவதும் காய்ந்து, காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் தொடங்கவேண்டும். சாயந்தரம் பனி இறங்குவதற்கு முன்னரே நிறுத்திவிடவேண்டும். தை பிற்பகுதி, மாசி, பங்குனி — இவைதான் நல்ல மாதங்கள். சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடிக்கக்கூடாது. இரும்பு கொதிக்கும்போது பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து குமிழி விடும்.

பெயிண்டில் விஷம்

இன்னொரு விஷயம். இதைத் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும்.

பழைய பெயிண்டுகளில் ஈயம் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அதிகம் உண்டு. துருவைத் தடுக்க அந்த நாளில் பூசிய "ரெட் லெட்" முழுக்க ஈயமே. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். படிப்பு மந்தமாகும். "இவ்வளவு ஈயம் ஆபத்தில்லை" என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்திய அரசாங்கம் 2016-ல் விதி செய்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. 2017 நவம்பர் 1 முதல் இது அமலுக்கு வந்தது. டப்பாவின்மேலும் இதைக் குறிப்பிடவேண்டும். ஆனால் தொழிற்சாலைக்கான பெயிண்டுகளுக்கு இந்த விதி இல்லை. "இது ஃபாக்டரி பெயிண்ட், கெட்டி" என்று யாராவது விற்றால் வீட்டு கேட்டுக்கு வாங்கக்கூடாது. ஒரு டப்பாவிலும் எழுத்தைப் படிக்காமல் பணம் கொடுக்கக்கூடாது. படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் படிக்கச் சொல்லலாம்.

2017-க்கு முன்னால் பெயிண்ட் அடித்த கேட்டைச் சுரண்டும்போது ஈயத் தூள் பறக்கும். ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் கிடைக்கிறது. அதால் ஈரமாகத் தேய்த்து, துடைத்து, காயவைக்கவேண்டும். கீழே பழைய கோணியோ பிளாஸ்டிக் விரிப்போ விரித்துத் தூளைச் சேர்த்து எடுக்கவேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடக்கூடாது. பெயிண்டருக்கு நல்ல முகமூடி கொடுக்கவேண்டும். அவர் கை கழுவாமல் டீ குடிக்கக்கூடாது. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். சட்டையில் தூளோடு அவர் வீட்டுக்குப் போனால் அந்தக் குழந்தைகளுக்குத்தான் கெடுதல்.

பள்ளிக்கூட வாசலில்

வீட்டு கேட்டை வீட்டுக்காரர் பார்ப்பார். பள்ளிக்கூடத்து கேட்டை யார் பார்ப்பது?

அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூட கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். துருவின்மேலேயே அடிக்கிறார்கள். அடுத்த முறை அதன்மேல் இன்னொரு கை அடிக்கிறார்கள். பெயிண்ட் தடிப்பாகிக்கொண்டே வருகிறது. உள்ளே கீல் மெலிந்துகொண்டே போகிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மணி அடித்ததும் முண்டியடித்து ஓடிவரும் கேட் அது. பூங்கா, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை கேட்டுகளும் இப்படித்தான்.

பெயிண்ட் அடிக்க டெண்டர் விடும்போது, துருவைச் சுத்தம் செய்வதைத் தனி வேலையாகக் குறிப்பிடவேண்டும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பெயிண்டுக்குப் பணம் தரவேண்டும். கீலையும் உருளையையும் சோதித்து எழுதி வைக்கவேண்டும். உள்ளாட்சி மன்றங்களும் கல்வி இலாகாவும் இதைச் செய்யலாம். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். ஆண்டு விழா அலங்காரத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் கேட்டின் கீலைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினால் தவறில்லை.

வீட்டில் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கேட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும். அடிச்சட்டத்தைக் குனிந்து பார்க்கவேண்டும். துளைகளில் மண் அடைத்திருந்தால் குத்தி எடுக்கவேண்டும். பொட்டளவு துரு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் தொட்டு, பெயிண்ட் தொட்டுவிடலாம். கீலுக்கு எண்ணெய் விடவேண்டும். கேட்டை மேலே தூக்கி அசைத்துப் பார்க்கவேண்டும். கீல் ஆடினால் அன்றைக்கே பட்டறைக்காரரைக் கூப்பிடவேண்டும். அவர் வரும்வரை குழந்தைகளைக் கேட் பக்கம் விடக்கூடாது.

தொட்டுப் பூசுவதற்காகக் கொஞ்சம் பெயிண்டை வைத்திருப்பது நல்லது. டப்பாவை இறுக மூடி, அடுப்புக்கு எட்டாத இடத்தில், உயரத்தில் வைக்கவேண்டும். மிச்சமான டின்னரை மட்டும் பழைய கலர் சோடா பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.